நாரி

மல்லாவி ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை கிளினிக்.
செருப்பைக் கழற்றச் சொன்னா தாதி.
நான் காப்பையும் கழற்றினேன்.
முள் ஓடி, ஆடி, எண்பத்தொன்றில் நின்றது.
"புஸ்பகாந்தி, எண்பத்தொண்டு" என்று
வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னா.

டொக்டர் தம்பிக்கு
என் மூத்தவன் இருந்தால் அந்த வயது.
படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"எலும்பில பெரிசா ஒண்டும் இல்லை அம்மா.
பாரம்தான். பத்துக் கிலோ குறையுங்கோ,
நாரி நோ தன்பாட்டில போகும்."
கொப்பியில் எழுதினார். மணி அடித்தது.

அடுத்த ஆள் ரஞ்சிதமலர்.
நாற்பத்துமூன்று கிலோ. கச்சான் காற்றுக்குக் கதவைப் பிடித்து நிற்பவள்.
அவளுக்கும் அதே இடத்தில்தான் நோ,
சட்டை முடிகிற இடத்துக்குக் கீழே, இடப்பக்கம்.
அவளிடம் எதைக் குறைக்கச் சொல்வார்கள்?
"சத்தாச் சாப்பிடுங்கோ" என்றாராம்.

எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.
விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி
நாலு கடைக்கு இடியப்பம் பிழிகிறவள் நான்.
குனிந்து, முழு உடம்பையும் கைக்கு இறக்கினால்தான்
மா நூலாக வரும்.
என் பாரத்தைத்தான் விற்கிறேன்,
ஒன்று பத்து ரூபா.

எது முந்தி வந்தது என்று டொக்டர் கேட்கவில்லை.
முகாமில் நிவாரண மா நிறுக்கிற தராசில்
ஒருநாள் சும்மா ஏறிப் பார்த்தேன்.
முப்பத்தொன்பது.
அன்றைக்கும் நாரி நொந்தது.
நோவால் தோட்டத்தை விட்டேன்,
சைக்கிளை மகளுக்குக் கொடுத்தேன்,
கிணற்றுக்குப் போகாமல் பைப்புத் தண்ணீருக்குக் காத்திருந்தேன்.
பாரம் பிந்தித்தான் வந்தது.
பழியை மட்டும் முந்தி வாங்கிக்கொண்டது.

மகள் கம்பஸில் தமிழ் படிக்கிறாள்.
"பழைய தமிழில நாரி எண்டா பொம்பிளை, அம்மா" என்றாள் போனில்.
"அப்ப நாரி நோ எண்டா?"
அவள் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை. சிரித்தால் இழுக்கும்.

வீட்டில் தராசு இல்லை.
நெல்லு வாங்குகிற ஸ்டோரில்
ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரம் ஏற விடுவான்
மூட்டை தூக்கும் வசீகரன்.
"சாக்குக்கு ஒண்டு, ஈரத்துக்கு ரெண்டு
கழிக்கிறது வழக்கம் அக்கா. கழிக்கட்டோ?"
கழி ராசா. ஈரத்துக்கு இன்னும் கொஞ்சம் கழி.

பின்னேரம் அரை மணித்தியாலம் நடக்கவும்
என்றிருந்தது கொப்பியில்.
நானும் ரஞ்சிதமலரும் வவுனிக்குளக் கட்டில் ஏறினோம்.
யானை இறங்குவதற்கு முதல் திரும்ப வேண்டும்.

நாற்பத்தொன்பது வயதுவரை
நான் வெறுங்கையோடு நடந்ததில்லை.
அந்த வருசம் தையல் மெசினின் தலையைச்
சாக்கில் கட்டி ஏழு இடத்துக்குத் தூக்கினேன்.
ஏழாவது இடத்தில் மணலுக்குள் வைத்து மூடிவிட்டு
பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினேன்.
இப்போது கட்டில் இரண்டு கையும் தொங்குகின்றன.
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் பின்னால் கட்டினேன்,
பள்ளிக்கூடத்து அதிபர் மாதிரி இருந்தது.
ஒரு நொச்சித் தடியை முறித்துப் பிடித்தேன்.
ரஞ்சிதமலர் ஒன்றும் கேட்கவில்லை.
அவளும் ஒன்று முறித்தாள்.

மூன்று கிழமை போனது.
நாரி சில நாள் நொந்தது, சில நாள் கூட நொந்தது.
ஒரு நாள், ஒரே ஒரு நாள்,
நொச்சித் தடி எங்கேயோ விழுந்ததும் தெரியாமல்
துருசுவரைக்கும் நடந்திருந்தோம்.

நிலத்தைப் பார்த்தபடியே வந்த எங்களைக் கண்டு
மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினான் ஒருவன்.
"என்னக்கா, எதையும் துலைச்சிட்டியளோ?"
ரஞ்சிதமலர் இல்லை என்று சொல்ல வாயெடுக்க
நான் சொன்னேன்:
"ஓம் தம்பி. ஒண்டரைக் கிலோ."

மீனாக்கும் என்று நினைத்து
கட்டின் இரண்டு பக்கமும்
கனநேரம் தேடினான் அவன்.